ஐந்து பேருக்குக் காய்ச்சல்

செக்ரட்டரி வரது சார் மூன்றாவது தடவையாகக் கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டு, எல்லாம் ரங்கன் பார்த்துப்பான் என்றபோது கலைமதிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

ரங்கன் பார்த்துக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஏப்ரல் கடைசியில் அவளையும் வீரமலையையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஜூனில் தோன்றினால் கூப்பிடுவதும் தோன்றாவிட்டால் விட்டுவிடுவதும் ரங்கன் செய்கிற காரியமா என்ன? இந்த ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூட நிர்வாகம் செய்கிற காரியம்.

இரண்டு பேரும் தற்காலிக ஆசிரியர்கள். யார் லீவு போட்டாலும் அந்த வகுப்பில் போய் நிற்க வேண்டும். கணக்கு, தமிழ், வரலாறு எல்லாம் ஆயிற்று. ஒரு தடவை தையல் வகுப்புக்குக்கூடக் கலைமதி போயிருக்கிறாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது பிள்ளைகள்தான்.

ஒவ்வொரு மே மாதமும், பள்ளியிலிருந்து போன் வருமா வராதா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தாயிற்று. இனிமேல் முடியாது. ஏப்ரலில் நிறுத்தமாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

பேச்சு முடியும்வரை வகுப்புக்குப் போகக்கூடாது, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று காந்தி மார்க்கெட் மாடியில் கூடுகிற அவர்களுடைய சங்கத்தில் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வரது சார் மரியாதையில் குறை வைக்கிற மனுஷர் இல்லை. காபி வரவழைத்துக் கொடுத்தார். அவர்கள் குடித்துக்கொண்டிருக்கும்போதே, ஆயுத பூஜைக்கு அப்புறம் ஒரு டீச்சரும் லீவு போடவில்லையே, உங்கள் இரண்டு பேரை எதற்கு வைத்திருக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை என்றார்.

காபி கசந்துபோயிற்று. அவர் சொன்னது நிஜம்தானே?

நிரந்தர ஆசிரியர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்குமா? போன வாரம் மைத்ரேயி மிஸ்ஸிடம் போய்க் கேட்டாள். எங்களை இதில் இழுக்காதே, வாயைத் திறந்தால் எங்களுக்கும் மெமோதான் என்று, திருத்திக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லிவிட்டாள் மைத்ரேயி. மத்தியானம் மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷி! கலைமதிக்கு ரொம்ப வலித்தது. அன்றிலிருந்து டிபன் பாக்ஸைத் தனியாகத்தான் திறக்கிறாள்.

பிரேயர் மணி அடித்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் வேதவதி கையில் போனோடு உள்ளே வந்தாள். மைத்ரேயிக்குக் காய்ச்சலாம், எட்டாம் வகுப்பு பி பிரிவுக்கு ஆள் இல்லை என்றாள்.

அதைக் கேட்டதும் வீரமலை பழக்கதோஷத்தில் சடாரென்று எழுந்துவிட்டான். கலைமதி அவன் தோள்பையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அவளுக்கே கால் பரபரவென்றுதான் இருந்தது.

ஒரு வகுப்புதானே, சமாளிக்கலாம் என்று கையை ஆட்டினார் வரது சார்.

வேதவதி போன வேகத்தில் திரும்பி வந்தாள். ஜூட் சாருக்குப் பல்வலி, கன்னம் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்துகொண்டதாம். அடுத்த நடையில் ஜீனத் மிஸ்ஸுக்குக் காய்ச்சல். அப்புறம் இன்னும் இரண்டு பேர். ஊரில் விஷக்காய்ச்சல் ஏதாவது பரவுகிறதோ என்று கலைமதிக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

அதற்குள் மாடி முழுக்க ஒரே ரகளை. பெஞ்சு இழுபடுகிற சத்தம், விசில், நடுவே யாரோ அழுகிற சத்தம் வேறு.

நானே பார்த்துக்கறேன் என்று வரது சார் வேஷ்டியை இழுத்துச் செருகிக்கொண்டு எட்டு பி-க்குப் போனார். போனவர், ஐந்து நிமிஷத்துக்குள் திரும்பி வந்தார். நெற்றித் திருமண் வியர்வையில் கரைந்து மூக்கு வரைக்கும் வழிந்திருந்தது.

போங்கோம்மா முதல்ல, அப்புறம் பேசிக்கலாம் என்றார்.

மேலே அழுகிற குழந்தை யாரோ என்று கலைமதிக்கு மனசு அடித்துக்கொண்டது. இப்போது எழுந்தால் அடுத்த மே மாதமும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

“எழுதிக் குடுத்துடுங்க சார். உடனே போயிடறோம்.”

வரது சார் ரங்கனைக் கூப்பிடவில்லை. பேனாவைத்தான் எடுத்தார். பேப்பர் தேட வேண்டியிருக்கவில்லை. வேதவதி ஏற்கெனவே டைப் அடித்து, பள்ளி முத்திரையும் குத்தித் தயாராக வைத்திருந்தாள். அவர் கையெழுத்துப் போட்டதும் வீரமலை இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினான்.

எந்த வகுப்புக்குப் போனாலும், லீவில் இருக்கிறவருக்குப் போன் போட்டு, பாடத்தை எதில் விட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவது வழக்கம். கலைமதி மாடிப்படி ஏறிக்கொண்டே மைத்ரேயியைக் கூப்பிட்டாள். பாடத்தை மட்டும் கேட்பது, காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்கவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள்.

எடுத்ததும் காதில் விழுந்தது தண்ணீர் இரைச்சல். வீட்டுக் குழாய்த் தண்ணீர் இப்படி இரையாது. ஊரே பிக்னிக் போகிற முக்கொம்பு அணையில் ஷட்டரைத் திறந்துவிட்ட தண்ணீர்தான் இப்படி இரையும். புளியோதரை இன்னும் யாருக்கு வேண்டும் என்று ஜீனத் மிஸ் கத்திக் கேட்டாள். கன்னம் வீங்கின ஜூட் சார் பக்கத்திலேயே நறுக் நறுக்கென்று முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கலைமதி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண் பொங்கிக்கொண்டு வந்தது. மைத்ரேயிதான் பேசினாள்.

“கையெழுத்து ஆயிடுத்தா கலைமதி? ஆகலேன்னா கூச்சப்படாம சொல்லு. நாளைக்கும் எங்க அஞ்சு பேருக்கும் ஜுரம் வரும்.”