அண்ணாச்சியின் பச்சைப் புள்ளி

"தாயி ஜெனிலா, அந்த மேப்புல இருந்து என் புள்ளிய மட்டும் தூக்கிரு. உனக்குக் கோடிப் புண்ணியம்!"

உப்பு ஏற்றுமதி கம்பெனி முதலாளி செந்தூர்வேல் அண்ணாச்சி, தன்னிடம் வேலை பார்க்கும் பெண்ணின் முன்னால் கும்பிடாத குறையாக நின்றார்.

ஜெனிலா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவள் கம்ப்யூட்டர் திரையில் தூத்துக்குடி விரிந்து கிடந்தது. உப்பளத்தில் சில பச்சைப் புள்ளிகள், குடோனில் சில, துறைமுக வாசலில் சில. ஒவ்வொரு புள்ளியும் கம்பெனி கொடுத்த ஒரு செல்போன்.

போன மாதம் ஒரு சூப்பர்வைசர் போனைத் தொலைத்துவிட்டு வந்து நின்றான். அதிலிருந்த விலை மெயிலெல்லாம் போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டது. "இனிமே எந்த போன் எங்கன நிக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று அண்ணாச்சியின் மனைவி சந்தனச்செல்வி உத்தரவு போட்டாள். போர்டில்தான் அண்ணாச்சியின் பெயர். கம்பெனி நடப்பது சந்தனச்செல்வி அக்கா சொல்படி. ஜெனிலா இலவச சாஃப்ட்வேர் ஒன்றைத் தேடிப் பிடித்து, மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, அதையே சர்வராக்கிவிட்டாள். போன் தொலைந்தால் இருந்த இடத்திலிருந்தே பூட்டலாம், மெயிலை அழிக்கலாம், எங்கே இருக்கிறது என்றும் பார்க்கலாம்.

"என் போனை மட்டும் இதுல சேக்காத. நான் ஆபீசை விட்டு எங்க போகப் போறேன்?" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

சிக்கியது அண்ணாச்சிதான். சாயங்காலமானால் "ஹார்பர் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று கிளம்புவார். அவர் புள்ளி மட்டும் ஹார்பர் பக்கமே போகாமல், நேரே மக்ரூன் கடையில் போய் நின்றுவிடும்.

"ஓசி சாஃப்ட்வேர், ஓட்டை ஒடசலா இருக்கும்னு நெனச்சேன். இப்படி வேவு பாக்கும்னு யாரு கண்டா?" என்று புலம்பினார் அண்ணாச்சி.

"சுகர் ஏறிக் கெடக்கு, இனிப்பே ஆகாதுன்னு டாக்டர் சொன்னாவல்லா அண்ணாச்சி?"

"தூத்துக்குடியில பொறந்துட்டு மக்ரூன் திங்காமச் செத்தா ஆத்மா சாந்தியடையுமா தாயி?"

"அக்காவும் உங்களுக்காக இனிப்பையே விட்டுட்டாவளே. அதையாவது நெனச்சுப் பாருங்க."

"அதாம்மா பயமே! நீங்க திங்காதது எனக்கு எதுக்குன்னு அவ காப்பியில கூடச் சீனி போடுததில்ல. விஷயம் தெரிஞ்சா என்னை உப்புக்கண்டம் போட்ருவா!" கெஞ்சிப் பார்த்த அண்ணாச்சி, சட்டென்று முதலாளி ஆனார். "இந்தா பாரு, என் புள்ளி மறையணும். இல்லன்னா அந்தப் பொட்டியவே கழட்டிக் காயலான் கடையில போட்ருவேன். அப்புறம் உனக்கு இங்கன என்ன சோலி?"

சொல்லிவிட்டு, "ஹார்பர் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று கிளம்பியும் விட்டார்!

ஜெனிலா மூலையிலிருந்த சர்வரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த சர்வர் ஒழுங்காக ஓடினால்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். இங்கே இருந்தால் சொந்த ஊரான நாசரேத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துவிட்டு, ராத்திரி அம்மா கையால் சாப்பிடலாம். வேலை போனால் மறுபடி சென்னை, மறுபடி ஹாஸ்டல் சாம்பார்.

வளையல் குலுங்கும் சத்தம் கேட்டது. சந்தனச்செல்வி வந்து நின்றாள். முழங்கையை எட்டிப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையிலும் கண்ணாடி வளையல்.

"இன்னைக்கும் புது வளையலாக்கா? நல்லா இருக்கு!"

"அது கெடக்கு. எல்லாப் புள்ளியும் மேப்புல இருக்கா? ஒண்ணு கொறஞ்சாலும் இந்த சாஃப்ட்வேரும் வேண்டாம், நீயும் வேண்டாம். உங்க அண்ணாச்சி இப்போ எங்கன நிக்காவ?"

ஜெனிலாவின் கை மவுஸ் மேல் இருந்தது. ஒரே கிளிக்கில் அந்தப் புள்ளியை மறைத்துவிடலாம். அவளுக்கு மனசு வரவில்லை. அண்ணாச்சியின் சுகர் ஒரு பக்கம், தன் கையால் உருவாக்கிய சர்வரைத் தானே பொய் சொல்ல வைப்பதா என்ற ரோஷம் ஒரு பக்கம். கர்த்தர் விட்ட வழி என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"மக்ரூன் கடையிலக்கா."

இடி விழும் என்று காத்திருந்தாள். ஒன்றும் விழவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தால், அக்கா திரையை உற்றுப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றாள்.

"ஏயப்பா, கடை வாசலையே காட்டுதே! கெட்டிக்காரி. நாளையில இருந்து உன் வேலை நிரந்தரம்."

ஜெனிலாவுக்குக் குதிக்கலாம் போல இருந்தது. "தேங்க்ஸ்க்கா! அண்ணாச்சி இன்னும் உள்ளதான் நிக்காவ. இப்பவே போனா கையும் களவுமாப் பிடிச்சிரலாம்."

"ஏளா, அவசரப்படாத. அவிய கடைய விட்டுக் கிளம்பின பொறவு எனக்கு ஒரு குரல் குடு. இன்னைக்கு மட்டுமில்ல, தினமும் குடுக்கணும்."

"கிளம்பின பொறவு போயி யாரைக்கா பிடிக்கப் போறீங்க?"

அக்கா கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"யாருளா பிடிக்கப் போறா? நான் போற நேரமெல்லாம் உங்க அண்ணாச்சி கடைக்குள்ள நிக்காவ. அவிய கண்ணுல படாம இருக்கப் பக்கத்து வளையல் கடைக்குள்ள நுழைஞ்சு நுழைஞ்சு, இனி வளையல் போடக் கையில எடமில்ல. அவிய கிளம்பட்டும், நான் போயி எனக்கொரு கால் கிலோ மக்ரூன் வாங்கிட்டு வந்துருதேன்!"