பாதியார் வீட்டு விளக்கு

"காலுல கட்டு வெளிய தெரியற மாதிரி மேடையில வந்து உக்காரணும்" என்று பாதியார் சொன்னபோதே அவர் மனைவிக்கு என்னவோ போல் இருந்தது.

எதை வாங்கினாலும் பாதி விலைக்குக் கேட்பார் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. டைல்ஸ் கடைக்காரர். நகராட்சித் தேர்தலில் நின்றார். 'வரி பாதி, வசதி இரட்டிப்பு' என்பது அவருடைய கோஷம்.

மனைவிக்குக் கால் உடைந்தது என்னவோ உண்மை. மருந்துக்கடை வேலை முடிந்து திரும்பியவள், தன் வாசல் இருட்டிலேயே மூடியில்லாத சாக்கடையில் விழுந்தாள். இன்னும் ஒரு மாதம் காலை ஊன்றக் கூடாது. நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலை அது. முதலாளி வேறு ஆள் தேட ஆரம்பித்துவிட்டார்.

வாசலில் ஒரு விளக்கு வந்தால் போதும் அவளுக்கு. அதற்காகத்தான் மேடை ஏறினாள்.

பள்ளிக்கூட ஹாலில் நிற்க இடமில்லை. வரி கட்டிக் கட்டியே நம் முதுகு வளைந்துவிட்டது என்று பாதியார் முழங்கினார். அந்தப் பணத்தை எல்லாம் யாரோ ஏப்பம் விடுகிறார்கள் என்றார். கடைசியில் மனைவியின் காலைக் காட்டினார்.

"இதுதான் நகராட்சி நமக்குக் குடுத்த ரசீது. எங்க போச்சு நம்ம வரிப்பணம்?"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மனுஷன் நம் வலியைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அவளுக்கே நெஞ்சு நெகிழ்ந்தது.

மூலையில் நகராட்சி குமாஸ்தா, மடியில் பெரிய பதிவேட்டுடன் உட்கார்ந்திருந்தார். கேள்வி வந்தால் பதில் சொல்ல அவரை அனுப்பியிருந்தார்கள். அதே தெருவில் இருக்கும் தையற்கடைக்காரர் எழுந்து, வாயைத் திறந்து பதில் சொல்லச் சொன்னார். கூட்டமே குமாஸ்தாவை எரித்துவிடுவது போலப் பார்த்தது.

குமாஸ்தா மெதுவாக எழுந்தார்.

"பதிவான வீட்டுக்கு முன்னாடிதான் விளக்கும் சாக்கடை மூடியும் போடுவோம். அந்தத் தெருவுல எட்டாம் நம்பருக்கும் பத்தாம் நம்பருக்கும் நடுவுல..." பக்கத்தைப் புரட்டினார். "வீடே இல்லைங்க. காலி மனை. முள்ளுச்செடின்னு போட்டிருக்கு."

பன்னிரண்டு வருஷமாக அவள் கூட்டிப் பெருக்குகிற வீடு அது. மாடி வேறு உண்டு.

பாதியார் தண்ணீர் குடித்தார். அன்றைக்கு முழு டம்ளரும் காலியானது.

ஏதோ பழைய பதிவாக இருக்கும் என்று சமாளித்தார். போன வருஷமும் அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று குமாஸ்தா பணிவாகச் சொல்லிவிட்டு, "இதே தெருவுல இன்னும்..." என்று விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். அவ்வளவுதான், தையற்கடைக்காரர் நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். கூட்டத்துக்கே திடீரென்று வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"வீடுன்னு பதிய என்ன செய்யணும்?"

"உரிமையாளர் கையெழுத்துப் போடணும்மா."

உரிமையாளர் அவள்தான். பெண் பெயரில் பத்திரம் பதிந்தால் கட்டணம் பாதி என்று யாரோ சொல்ல, பாதியார் அவள் பெயரில் வாங்கியிருந்தார். மேடையிலேயே கையெழுத்துப் போட்டாள். பாதியார் சிரித்து வைத்தார். அதுவும் பாதிதான் வந்தது.

ஒரு வாரத்தில் விளக்கு வந்தது. சாக்கடைக்கு மூடி வந்தது. பன்னிரண்டு வருஷ வீட்டு வரி பாக்கிக்கு நோட்டீசும் வந்தது. பாதியார் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். தோல்வி நிச்சயம் என்று தெரிந்துபோனதால், மிச்சமிருந்த தேர்தல் நோட்டீசுகளை எண்ணி அடுக்கினார். பின்பக்கம் கடையில் பில் எழுத ஆகுமாம்.

அவளுக்கும் வருத்தம்தான். என்ன இருந்தாலும் புருஷன். ஆனால் பொய் சொன்னவனை ஊர் மன்னிக்காது, அதுதான் நியாயம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஓட்டு எண்ணினார்கள். பாதியார் ஜெயித்துவிட்டார். எதிரில் நின்றவர்களுக்கு டெபாசிட்கூடத் தேறவில்லை.

அன்று மாலை தையற்கடைக்காரர் தெருக்காரர்கள் பத்துப் பேரோடு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்னைக்கு அவ்வளவு நடந்தும் எப்படி இவருக்கு ஓட்டுப் போட்டீங்க?"

"அது நடந்ததாலதான் போட்டோம் அண்ணி. அதுவரைக்கும் அண்ணன் மேல உள்ளுக்குள்ள ஒரு பயம். நிஜமாவே நேர்மையான ஆளா இருந்து, ஜெயிச்சு வந்து வீடு வீடா டேப் வச்சு அளந்துட்டா என்ன பண்றது? காலி மனைன்னு தெரிஞ்ச பிறகுதான் நிம்மதியாச்சு. நம்ம ஆளு."

பாதியார் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரே ஒரு குறைதான் என்றார் தையற்கடைக்காரர். அவள் வாசல் வெளிச்சத்தில் தெருவில் இருக்கிற மாடியெல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம். நேற்று குமாஸ்தா விளக்கடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனாராம்.

"அண்ணன்கிட்ட பேசியாச்சு அண்ணி. இது மறுபடியும் காலி மனைன்னு எழுதிக் குடுத்துட்டா விளக்கு தானா போயிடும். வீடுன்னு பதிஞ்சாச்சு, இனிமே மாத்த உரிமையாளரே போடணுமாம். உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

பாதியார் பேனாவை நீட்டினார். பத்து நாளில் அவளிடம் பேசிய முதல் வார்த்தையும் அப்போதுதான் வந்தது. "போடு."

அவள் பேனாவைத் தொடவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து போய், வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாள். விளக்கு வெளிச்சம் கூடம் வரை வந்து விழுந்தது.

"காலி மனையில ஆளுங்களுக்கு என்ன வேலை? கிளம்புங்க தம்பி. போகும்போது உங்க அண்ணனையும் கூட்டிட்டுப் போயிடுங்க."