இடது மட்கார்டில் ஒரு சத்தம்

"வண்டி பிரமாதமா வந்திருக்கு பாய். ஆனா அந்தச் சத்தம் மட்டும் இன்னும் போகலை."

ராயப்பேட்டைச் சந்திலிருந்த ஷெட்டின் வாசலில் பிக்கப்பை நிறுத்திவிட்டு இறங்கினான் ஷ்ரவண். வீடு மயிலாப்பூரில், வேலை தரமணியில், மனசு மட்டும் எப்போதும் ஏதாவது ஒரு மலையில். மூன்று கை மாறி, துரு ஏறிக் கிடந்த அந்தப் பழைய வண்டியை ஆசைப்பட்டு வாங்கி குலாம் முகம்மதுவிடம் ஒப்படைத்திருந்தான். அவரும் அதற்கு உயிர் கொடுத்துவிட்டார். காட்டுப்பாதைக்குப் பெரிய டயர், பின்னால் கூடாரம் கட்டச் சட்டம், மேலே கரும்பச்சை பெயிண்ட்.

"எங்க வருது தம்பி சத்தம்?"

"முன்னாடி, இடது பக்கம். பள்ளத்துல இறங்கினா உள்ள ஏதோ கிடந்து உருள்றது. ஆத்துக்காரி மாளவிகா, வண்டிக்கு சலங்கை கட்டிட்டேளான்னு கேலி பண்றா. கொல்லிமலை பூரா இதைக் கேட்டுண்டு போக முடியாது பாய்."

குலாம் முகம்மது தாடியைச் சொறிந்தார். "அந்த மட்கார்டு ஒண்ணுதான் நான் கயட்டல. மத்ததெல்லாம் துருப்புடிச்சு அப்பளமா நொறுங்கிச்சு. அது மட்டும் கல்லு மாரி கீது. முன்ன எப்பவோ பலமா அடி வாங்கியிருக்கு. எவனோ கைகாரன், பொறுமையா தட்டி எடுத்துக்கிறான். நல்ல வேலைய ஏன் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்."

சந்து முனையில் தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி வந்து நின்றது. கையிலிருந்த ஸ்பேனரை அப்படியே போட்டுவிட்டு ஓடினார் குலாம் முகம்மது. லாரியின் முகப்பைக் குனிந்து குனிந்து பார்த்தார். டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டினான். திரும்பி வந்து ஸ்பேனரை எடுத்தார்.

"இன்னும் தேடறீங்களா பாய்?"

"தேடாம? காலங்காத்தால பால் பாக்கெட் வாங்கப் போனவ தம்பி எம் பொண்டாட்டி. அடிச்சுப் போட்டுட்டு நிக்காம போனவன் இந்த மெட்ராஸ்லதானே ஓட்டிக்கினு கீறான்? தண்ணி லாரி ஒண்ணு பறந்துச்சுன்னு டீக்கடைக்காரன் சொல்றான். ஒரு நாள் என்னாண்ட மாட்டாமயா பூடுவான்? போலீசுக்குக்கூட சொல்லமாட்டேன்."

சுவரில் காலண்டர் மாட்டிய ஆணியில் ஒற்றை வெள்ளி ஜிமிக்கி தொங்கியது. அவர் மனைவியை ரோட்டிலிருந்து தூக்கியபோது ஒரு காதில்தான் அது இருந்தது.

"இன்னொண்ண எவனோ பாவி உருவிக்கினான்" என்றார், ஷ்ரவண் பார்ப்பதைக் கண்டு. "அதுலதான் கொக்கி ஒடஞ்சி, நானே பித்தளை வச்சு பத்தவச்சுக் குடுத்தேன். 'இது பொண்டாட்டி காதா, லாரி சேசிஸா'ன்னு சிரிச்சா." அவரும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

ஷ்ரவண் பேச்சை மாற்ற நினைத்து பின்பக்கத்துக் கதவைத் தட்டினான். "கதவுக்கு உள்பக்கம் சிவப்பா சகினான்னு எழுதியிருக்கே, அவங்க பேர்தானே?"

"ஆமா. நான் கை வைக்கிற எல்லா வண்டியிலயும், யாரும் பாக்காத எடமா பாத்து எழுதுவேன். ஓட்டுறவங்களுக்கு அவ பேரு காவலா இருக்கட்டும்னு. அவளுக்கு நாப்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதிட்டு ஷெட்டத் தொறந்தேன் பாரு, அன்னைக்கு வந்த மொத வண்டிலேர்ந்து எழுதறேன். அன்னைக்கு பிரஷ்ஷு கையில நிக்கல. வெரலால எழுதினேன்."

"அது யார் வண்டி?"

"யாருக்குத் தெரியும்? இன்னா வண்டி, எவன் இட்டாந்தான், ஒண்ணும் நெனப்பில்ல. பித்துப் புடிச்சவன் மாரி தட்டிக்கினே இருந்தேன். தட்டலன்னா அன்னிக்கே செத்திருப்பேன்."

பேசிக்கொண்டே போல்ட்டுகளைக் கழற்றினார். மட்கார்டு லேசில் விடவில்லை. இருவருமாகப் பிடித்து இழுத்ததும் பெயர்ந்து வந்தது. ஹெட்லைட்டுக்குப் பின்னாலிருந்த மடிப்பிலிருந்து காய்ந்த மண்கட்டி உதிர்ந்தது. அதோடு சேர்ந்து ஏதோ ஒன்று கிலுங்கென்று சிமெண்ட் தரையில் விழுந்து உருண்டது.

"அப்பாடா! இதுதானா?" என்றான் ஷ்ரவண். "இனிமே சத்தம் வராதுல்ல பாய்?"

குலாம் முகம்மது அதை எடுத்து லுங்கியில் துடைத்தார். கறுத்துப்போன வெள்ளி ஜிமிக்கி. கொக்கியில் மிளகளவு பித்தளைப் பொட்டு.

ஆணியில் தொங்கிய ஜிமிக்கியையும் உள்ளங்கையையும் ஷ்ரவண் மாறி மாறிப் பார்த்தான். இரண்டும் ஒரே ஜோடி.

"லாரி இல்ல..." என்றார் குலாம் முகம்மது. பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "இத தட்டினவன் எவன்? எந்த ஷெட்டு? சொல்லு தம்பி! ரத்தத்தோட வந்த வண்டிய தட்டிக் குடுத்துக்கிறானே, அவனுக்குத் தெரியும், கொண்டாந்தவன் யாருன்னு! அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்!"

"எனக்குத் தெரியாது பாய். சத்தியமா தெரியாது. நிதானமா இருங்க..."

"வுட மாட்டேன். அவன் கழுத்தப் புடிச்சாவது பேர வாங்குவேன்!"

அதைத் தட்டினவனின் அடையாளம் ஏதாவது இருக்குமா என்று மட்கார்டை வெறியோடு புரட்டி, உள்பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

அங்கே சிவப்புப் பெயிண்டில், விரலால் கோணல்மாணலாக எழுதியிருந்தது: சகினா.