முப்பது கிலோமீட்டர் வட்டம்

கவராயத்தின் முள்ளை ஆலை இருக்கும் திருவொற்றியூரில் குத்திப் பென்சிலைச் சுழற்றினார் குணசேகரன். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் முப்பது கிலோமீட்டர் வட்டம் விழுந்தது.

"இன்னா சார், பாதி வட்டம் கடல்ல கீது? மீனுங்க வந்து சப்ளை பண்ணுமா?" என்றாள் துணை மேலாளர் உமைமா.

குணசேகரனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பம்ப் கம்பெனியின் கொள்முதல் மேலாளர், மகனுடைய ஜியாமெட்ரி பாக்ஸைத் திருடிக்கொண்டு வந்து வட்டம் போடுகிறாராம்! பத்தாம் வகுப்புக் கணக்கில் நாற்பது மார்க் வாங்கிய மேதை வேறு.

ஆனால் விஷயம் சிரிப்பாக இல்லை. சீனாவிலிருந்து வர வேண்டிய ரப்பர் சீல் கொழும்பில் சிக்கிக்கொண்டு, போன மாதம் பதினோரு நாள் ஆலை நின்றது. "இனிமே சாமான் எல்லாம் பக்கத்துலேர்ந்து வரணும். செஞ்சு காட்டுங்க, ஆலை மேலாளர் நாற்காலி காலியாத்தான் இருக்கு" என்றார் முதலாளி சைமன்.

பதினாலு வருஷமாகக் குணசேகரன் கண் வைத்திருந்த நாற்காலி அது. அன்றைக்கே விசிட்டிங் கார்டுக்கு மாடல் பார்த்துவிட்டார். விதியையும் அவரே எழுதினார்: வட்டத்துக்கு வெளியே இருப்பவர் எவ்வளவு நல்லவரானாலும் வேண்டாம். அவசரமென்றால் அரை மணியில் வாசலில் வந்து நிற்பவர்தான் வேண்டும்.

முதல் பலி, கூடுவாஞ்சேரி சின்னப்பையன். பன்னிரண்டு வருஷமாக போல்ட்டு கொடுப்பவர், ஒரு குறை சொல்ல முடியாது. போனில் கெஞ்சினார்.

"சார், நம்ம ஊர்க்காரன் சார் நானு. தினம் காலைல ஒரே ரயில்லதான சார் வர்றோம்? இவ்ளோ வருசப் பழக்கம்..."

"பழக்கம் வேற, தூரம் வேற, சின்னப்பையன்."

போனை வைத்ததும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் விசிட்டிங் கார்டு வெட்கத்தை ஜெயித்துவிட்டது. சொன்ன வாக்கியம் அவருக்கே ரொம்பப் பிடித்துப்போய், அதைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதி வரைபடத்துக்கு மேலே ஒட்டினார். என்னமோ திருக்குறள் மாதிரி!

ரப்பர் சீலுக்கு, தண்டையார்பேட்டையில் பட்டறை வைத்திருந்த லியாகத் அலியை உமைமாதான் கண்டுபிடித்தாள். முதல் சாம்பிள் ஒழுகியது. இரண்டாவது, சீனச் சரக்கையே தூக்கிச் சாப்பிட்டது.

புதன்கிழமை காலை எட்டரைக்கு ஒரு கோளாறு. ஒரு பெட்டி சீல் அளவு மாறி வந்து, உற்பத்தி லைன் நின்றுவிட்டது. உமைமா போன் போட்டாள். இருபத்தைந்தாவது நிமிஷம் அலி பாய் வேறு பெட்டியோடு மொபட்டில் வந்து இறங்கினார்.

குணசேகரன் உள்ளே நுழைந்தபோது லைன் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா உமைமா, என் வட்டம் எப்டி வேலை செய்யுது!" என்று மார் தட்டிக்கொண்டார்.

"ஆமா சார், சூப்பரா வேலை செய்து" என்றாள் அவள்.

சனிக்கிழமை சைமன் லட்டுப் பெட்டியோடு அவர்கள் அறைக்கே வந்துவிட்டார். குணசேகரன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"உங்க திட்டம் பிரமாதம் குணசேகரன். ஒரு எழுத்து மாத்தாம அப்படியே எல்லாத்துக்கும் அமல்படுத்தப் போறேன்."

"தேங்க்ஸ் சார்!" ஒரு லட்டை எடுத்துக் கடித்தார்.

"புதன்கிழமை லைன் நின்னப்ப எங்க இருந்தீங்க?"

"ரயில்ல சார். அப்பதான் தாம்பரம் தாண்டிச்சு."

சைமன் உமைமா பக்கம் திரும்பினார். "உங்க வீடு எங்கம்மா?"

"கல்மண்டபம் சார். பஸ்ஸுல இருபது நிமிசம்."

"அப்ப நீங்கதாம்மா புது ஆலை மேலாளர். வாழ்த்துகள்!"

குணசேகரன் மிச்ச லட்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டார். "சார்... பதினாலு வருஷமா உங்ககூடவே இருக்கேனே சார்..."

சைமன் வரைபடத்தில் கூடுவாஞ்சேரியைத் தேடி விரல் வைத்தார். வட்டத்துக்கு வெளியே, மூன்று விரல் தள்ளி இருந்தது. பிறகு நிமிர்ந்து, மேலே ஒட்டியிருந்ததை நிதானமாகப் படித்தார்.

"பழக்கம் வேற, தூரம் வேற, குணசேகரன்."