மோசஸோட விலை

அண்ணன் மோசஸ் தண்ணிய டம்ளருக்கு வெளியில ஊத்துனத ஷைனி பாத்துட்டா. அவன் கூண்டுச் சண்டைக்காரன். சண்டை நடத்துற கம்பெனி அவன் கையில கட்டிவிட்ட பட்டை வீட்டுப் பேச்சையெல்லாம் கேக்கும். அதுக்கேத்த மாதிரி அவன் விலை அதுல ஏறும், எறங்கும்.

ரெண்டு வெரல நீட்டி எத்தனைன்னு சைகையில கேட்டா. அவன் நாலுன்னு காட்டிட்டு, பேசாதன்னு உதட்டுல வெரல வெச்சான்.

விலை எறங்கிருமேன்னு பயப்படுறான்னு நெனச்சா. எறங்குனா சனிக்கிழமை சண்டைக்குக் கூப்புட மாட்டாங்கல்ல, நல்லதுதான? அவன் தூங்குனதும் பட்டைகிட்ட குனிஞ்சு, "எங்கண்ணனுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுங்க"ன்னா.

விலை கிடுகிடுன்னு ஏறிச்சு.

மோசஸ் முழிச்சுப் பாத்தான். கோவப்படல.

"இதுக்குதான் பேசாதன்னேன் பாப்பா. விழப்போறவனப் பாக்கத்தான் கூட்டம் அள்ளும். இனி விடமாட்டாங்க. நீ மட்டும் பாக்க வராத."