தபால்காரரின் கைப்பட்டை

இதய நோயாளிகளின் கையில் பட்டை கட்டி நடையையும் நாடித்துடிப்பையும் எண்ணும் பல்கலைக்கழக ஆய்வில் தபால்காரரும் ஒருவர். அவர் இறந்ததும் மனைவி திருப்பித் தந்த கைப்பட்டை, ஆய்வு உதவியாளராக இருந்த பெண்ணின் டிராயரில் பூட்டிக் கிடந்தது. ஆனாலும் தினமும் அதிலிருந்து கணினிக்கு எண்கள் வந்தன. விஷயம் தெரிந்ததிலிருந்து மனைவி சாயங்காலம் தவறாமல் போன் செய்வார். அன்றைய எண்களைக் கேட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

"இன்னைக்கு எவ்வளவு நடந்தாரும்மா?"

"ஒன்பதாயிரம் அடி ஆன்ட்டி. துடிப்புதான் நூத்தம்பது."

"என்கூட கடைக்கு வர்றதுக்கு மட்டும் கால் வலிக்கும் மனுஷனுக்கு! மூச்சு வாங்குமே, கொஞ்சம் உட்காரச் சொல்லும்மா."

அவள் கூச்சத்தோடு டிராயரைத் திறந்து, "உட்காருங்க சார்" என்றாள். எண்கள் நின்றன.

மறுநாளும் போன் வந்தது. திரையில் அடியும் பூஜ்யம், துடிப்பும் பூஜ்யம்.

"உட்கார்ந்தே இருக்கார் ஆன்ட்டி."

"அப்பாடா. எந்திரிச்சதும் சொல்லும்மா. நான் லைன்லயே இருக்கேன்."