நாலாவது எலுமிச்சம்பழம்

புதுக் காருக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழங்களையும் வைத்துவிட்டு ஷோரூம்காரன் டைட்டஸ் கேட்டான்: "இன்சூரன்ஸ் நம்மகிட்டதானே மேடம்?"

பரிமளா கைப்பேசியை நீட்டினாள். நான்கு நாள் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் படித்து, வேறு கம்பெனியில் அவளே எடுத்த பாலிசி.

டைட்டஸின் சிரிப்பு வடிந்துபோனது. "வீட்ல சார்கிட்ட கேட்டீங்களா?"

"சார் யாரும் இல்ல. நான்தான் படிச்சுப் பாத்து எடுத்தேன்."

"படிச்சு!" பல்லிடுக்கில் சிக்கியிருந்த எதையோ சுண்டுவிரல் நகத்தால் நெம்பி எடுத்துப் பார்த்தான். பிறகு மாலையை உருவினான். "இதெல்லாம் நம்ம இன்சூரன்ஸ் எடுக்கறவங்களுக்குத்தான் மேடம்."

அதே விரல்களால் எலுமிச்சம்பழங்களில் மூன்றை ஒவ்வொன்றாக எடுத்து, பேண்டில் துடைத்து, பக்கத்துக் காரின் சக்கரங்களுக்கு அடியில் வைத்தான். அந்தக் காரின் குடும்பம் கைகூப்பி நின்றது.

பரிமளா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏறிக் கதவைச் சாத்தி வண்டியை ஸ்டார்ட் செய்தாள். பக்கக் கண்ணாடியில் டைட்டஸ் தெரிந்தான். அவள் காரின் பின்சக்கரத்தடியில் உள்ளே தள்ளிக் கிடந்த நாலாவது பழத்துக்காக மண்டியிட்டு, முழங்கைவரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

"ஒரு நிமிஷம் மேடம், அசைக்காதீங்க."

பாலிசியில் படித்த ஒரு வரி நினைவுக்கு வந்தது. வண்டியால் மூன்றாம் நபருக்கு நேரும் காயத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனியே பொறுப்பு.

கியரைப் போட்டாள். கால் இன்னும் பிரேக்கில்தான் இருந்தது.